சல்லிக் கடலும் நம் பீலிக்கரையும்

பள்ளிக்கூட லீவு வந்தால் தோட்டங்களில் பஸ் பிடித்துப் பயணம் போவது வழக்கம். ஒரு வருஷம் கதிர்காமம், ஒரு வருஷம் திருகோணமலை. திருகோணமலை என்றால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, அப்புறம் கடல். நகரத்துக்கு வடக்கே சாம்பல்தீவுப் பக்கம் சல்லி என்றொரு கிராமம் இருக்கிறது. மீன்பிடித் தொழில் செய்கிற ஜனங்களின் ஊர். அங்கே கடலோரத்திலேயே முத்துமாரியம்மன் கோயில். நம் தோட்டங்களிலும் மாரியம்மன்தானே காவல்! அதனாலோ என்னவோ, அந்த மணலில் கால் வைத்ததும் நம் ஜனங்களுக்கு வேற்றூர் என்ற நினைப்பே வருவதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, இந்தக் கடலைப் பாத்தா மனசு லேசாகுது. மரம் செடியைப் பாத்தாலும் மனசுக்கு நல்லதுன்னு ரேடியோவுல சொல்றாங்க. நாங்க பொறந்ததுல இருந்து பச்சைக்குள்ளதான் நிக்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல்ல?"

ஞாயமான கேள்வி. சிரித்து மழுப்பிவிட்டுப் போக முடியாது.

ரேடியோவில் சொன்னது பொய்யில்லை. 1984இல் அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆஸ்பத்திரியின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பித்தப்பை ஆபரேஷன் செய்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிகிற கட்டிலில் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிகிற கட்டிலில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருக்கிறது. 2019இல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விசாரித்த ஓர் ஆய்வு வெளிவந்தது. வாரத்தில் 120 நிமிஷமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று போய் வந்தவர்கள், போகாதவர்களைவிட உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் சரி, நாலு நாளாகப் பிரித்தாலும் சரி, பலன் ஒன்றாகவே இருந்தது. நடந்ததால்தான் சுகம் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. சுகமாக இருக்கிறவன்தான் நடக்கப் போகிறான் என்றும் வாதாடலாம். ஆனாலும் தள்ளிவிடக்கூடிய விஷயமல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் கணக்கில் எடுத்தது ஓய்வுக்காகப் போன நேரத்தை மட்டும்தான். வீட்டுத் தோட்டத்தில் இருந்த நேரத்தைக்கூடச் சேர்க்கவில்லை. முதுகில் கூடையோடு மழையில் நிற்கிற நேரத்தை யார் சேர்க்கப் போகிறார்கள்? தேயிலை மலை காரில் போகிறவருக்குப் பச்சைக் கம்பளம். நிரை பிடித்து நிற்கிறவளுக்கு அது கிலோ. காலில் அட்டை, தலைக்கு மேலே குளவி, தராசு முனையில் கணக்கு. இந்த நிலையில் 'இயற்கையை ரசியுங்கள்' என்று யாராவது வந்து பிரசங்கம் செய்தால் கோபம் வரத்தான் செய்யும். எங்களுக்கும் வருகிறது.

சல்லியில் தோணி வைத்திருக்கிற ஒரு பெரியவரிடம் இதே பேச்சை எடுத்தோம். அவர் சிரித்தார். "உங்களுக்குக் கடல் காட்சி, எங்களுக்கு அது வேலைத்தலம். நான் ஒருக்கா நுவரெலியா வந்தனான், அங்கதான் எனக்கு மனசு ஆறினது" என்றார். வாடைக்காற்று வீசும் கார்த்திகை மார்கழியில் அவர்கள் கடல் கொந்தளிக்கும், தொழில் படுத்துவிடும். சித்திரைக்குப் பிறகு நம் திம்புள்ள, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும்போது அவர்களுக்குக் கடல் அமைதியாக இருக்கும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அந்தக் கரையோரத்திலும் உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அவர்கள் அந்தக் கடலுக்குத்தான் போகிறார்கள். பயமும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கயிறு பிடித்து எத்தனை பேர்! தனியாள் இழுத்தால் வலை அசையாது.

நமக்கும் அந்தக் கடலுக்கும் இன்னொரு சொந்தம் இருக்கிறது. அதைச் சொன்னபோது பஸ்ஸில் பாதிப் பேர் நம்பவில்லை. நம் லயத்துக்குப் பக்கத்து ஓடை எங்கே போகிறது என்று யோசித்தது உண்டா? தலவாக்கலை, திம்புள்ள, புசல்லாவைப் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவிலும் மகாவலியிலும் சேருகின்றன. பதுளைப் பக்கத்துத் தண்ணியும் பதுளு ஓயா வழியாக மகாவலிக்கே போகிறது. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை அணைகளைத் தாண்டி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியார்க் குடாவில் விழுகிறது. அதாவது திருகோணமலைக் கடலில். (மஸ்கெலியா, நோர்வூட் ஆட்கள் சண்டைக்கு வரவேண்டாம். உங்கள் தண்ணி களனி கங்கையில் விழுந்து கொழும்புக்குப் போகிறது. கொழும்புக்காரர் குடிப்பது அதைத்தான்.)

தண்ணி மட்டும் போனால் பரவாயில்லை. மண்ணும் போகிறது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதற்கு முன்பே கோப்பிக்காக மலைக்காடு வெட்டப்பட்டுவிட்டது. காடு இருந்தபோது மழைத்துளி இலையில் விழுந்து, சருகில் விழுந்து, மெதுவாக மண்ணுக்குள் இறங்கியது. வேர் மண்ணைப் பிடித்திருந்தது. வெறும் மண்ணில் மழை நேராக அடிக்கிறது. மேல்மண் கரைந்து ஓடுகிறது. பொல்கொல்லை, ரந்தம்பை அணைகளில் வண்டல் சேர்ந்து, தண்ணி நிற்கிற இடத்தில் மண் நிற்கிறது. மேல்மண் போன மலையில் கொழுந்தும் குறையும், நாள் பெயரும் குறையும். ஆகவே இது துரையின் கவலை மட்டும் அல்ல.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மேலே மலை சரிந்தது, கீழே மகாவலிக் கரையில் வெள்ளம் நின்றது. மேலே இருப்பவனும் கீழே இருப்பவனும் ஒரே தண்ணியில்தான் மாட்டினார்கள்.

கான் வெட்டுகிற ஆட்கள் இதை எங்களைவிட நன்றாக அறிவார்கள். குறுக்காக, மெல்லிய சரிவில் வெட்டிய கானில் தண்ணி நடக்கும். செங்குத்தாக வெட்டினால் ஓடும், ஓடினால் அறுக்கும். கானில் உள்ள மண் குழிகளைத் துப்பரவாக வைத்தால் கரைந்த மண் அங்கேயே தங்கும், அதை எடுத்துத் திரும்ப மலைக்கே போடலாம். கவ்வாத்து மலையில் வெட்டிய கொப்புகளை விறகுக்கு ஒரேயடியாக அள்ளாமல் கொஞ்சம் நிரைக்குள் பரப்பினால் மழை நேராக அடிக்காது. நிழலுக்கு நிற்கும் முள்முருங்கையைப் பட்டுப்போகவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து டாங்கியை ஓடையில் கழுவுவது அடியோடு நிற்க வேண்டும். கீழே இன்னொரு லயத்துப் பீலியில் ஒரு பிள்ளை அந்தத் தண்ணியைக் குடிக்கிறது. ஷாம்பு பக்கெட், பொலித்தீன் பை, உரப்பை எல்லாம் கானில்தான் கிடக்கின்றன. பெரிய மழைக்கு அதுவும் ஆற்றுக்குப் போகும். சல்லி மணலிலும் பயணம் வந்த பஸ்காரர் விட்டுப்போன சோற்றுப் பார்சல்களைக் கண்டோம். அதில் நம் பஸ்ஸும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று ஒரு உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்தோம். திருகோணமலை நகரத்துக்குள் திரிகிற புள்ளிமான்கள் இப்படி எறிந்த பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன.

இனி அந்த அக்காவின் கேள்வி. பச்சைக்குள் நிற்பது வேறு, பச்சையோடு இருப்பது வேறு. கூடை இல்லாமல், கணக்கு இல்லாமல், கூட நாலு பேரோடு, பிள்ளைகளின் கையைப் பிடித்து நடக்கிற நேரம் நமக்கு வாரத்தில் எவ்வளவு? நிறையப் பேருக்குச் சைபர். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போக என்று முடிந்துவிடுகிறது. பெண்களுக்கு அதுவும் இல்லை. ஆகவே ஆம்பிளைகளுக்கு ஒரு வார்த்தை: ஞாயிறு காலை சமையலை நீங்கள் பாருங்கள். நடக்கப் போவது அவர்கள் முறை. நிர்வாகத்துக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஒழுகுகிற கூரையும் நாலு வீட்டுக்கு ஒரு கக்கூசும் இருக்கிற இடத்தில், மரத்தைப் பார்த்து மனசு ஆறுங்கள் என்பது வெறும் பேச்சு. வீடு, தண்ணி, லீவு இவற்றோடு சேர்ந்துதான் மற்றது.

சில தோட்டங்களில் இதை ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறோம். ஞாயிறு காலை ஒரு மணி நேரம், மேல் மலைக் கோயில் வரைக்கும், அல்லது ஓடையின் தலை ஊற்று வரைக்கும். வயசான பாட்டி தாத்தாமாரை முன்னால் விடுங்கள். எந்த இலை சளிக்கு, எந்த இலை காயத்துக்கு, எந்தப் பறவை கத்தினால் மழை என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். ஓடை எங்கே பிறந்து எந்த ஆற்றில் விழுகிறது என்று படமும் வரையச் சொல்லுங்கள்.

வெயில் ஏறினதும் போவது நல்லது. விடியற்காலையும் அந்தியும் சிறுத்தை நடமாடுகிற நேரம். கால்சட்டை நீளமாகப் போட்டு, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். குளவிக் கூடு உள்ள மரத்தை முதல் நாளே பார்த்துக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, பாதையை வேறு பக்கம் மாற்றுங்கள். அதற்குக் கல் எறிகிற வயசுப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்தே கூட்டிப்போக வேண்டும்.