மடங்கிய விரல்களும் அறுவை சிகிச்சையும்

1947-ஆம் ஆண்டில், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சை கற்பித்துவந்த டாக்டர் பால் பிராண்ட் என்பவர், செங்கற்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்வையிடச் சென்றார். அவரை அங்கு அழைத்துச் சென்றவர் தொழுநோய் நிபுணரான டாக்டர் ராபர்ட் காக்ரேன். பிராண்ட் கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று, எலும்பு மூட்டுச் சிகிச்சையில் தேர்ச்சி பெற்றவர். தொழுநோயாளரின் கைகளை அவர் அருகிலிருந்து கவனித்தது அன்றுதான். விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கி விறைத்திருந்த இளைஞர் ஒருவரிடம், தம் கையைப் பற்றி அழுத்துமாறு அவர் கேட்டார். பலமற்ற கை என்று எண்ணிக் கொடுத்த கையை அந்த இளைஞர் அழுத்திய அழுத்தத்தில் டாக்டருக்கு வலி தாளவில்லை. முடங்கியதாகத் தோன்றிய அந்தக் கையில் வலுவான தசைகள் எங்கோ இருந்தன.

அவை எங்கே இருந்தன என்ற கேள்வியிலிருந்துதான் தொழுநோய்க் கைகளுக்கான அறுவை சிகிச்சை பிறந்தது. அக்காலத்தில் தொழுநோயால் கை கால் முடங்கியோர் உலகெங்கும் பெருந்தொகையினராக இருந்தனர். ஆயினும் எலும்பு மூட்டு நிபுணர்கள் அவர்களது கைகளை முறையாக ஆராய முற்பட்டதில்லை. தோல் நோய் என்று ஒதுக்கப்பட்டதால், இது அறுவை சிகிச்சை நிபுணர்களின் மேசைக்கு வரவேயில்லை.

நமது கையின் அமைப்பைச் சற்று நினைவில் கொண்டால் மேலே சொல்லப்போவது விளங்கும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றிலிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனிவரை ஓடுகின்றன. உள்ளங்கைக்குள்ளேயே வேறு சில சிறு தசைகள் உள்ளன. விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே அதன் மேல் இரு மூட்டுகளையும் நிமிர்த்தி வைப்பது அச்சிறு தசைகளின் வேலை. சோற்றைப் பிசைந்து கவளமாக எடுக்கும்போதும், எழுதுகோலைப் பிடிக்கும்போதும், சட்டைப் பொத்தானைப் போடும்போதும் நாம் அறியாமலே அவற்றைப் பயன்படுத்துகிறோம்.

முழங்கையின் உட்புறத்தில், எலும்பு முனைக்குப் பின்னால் விரலால் தடவினால் கயிறு போல ஒரு நரம்பு தட்டுப்படும். அவ்விடம் எதிலாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை சுரீரென்று ஓடும். அல்நார் எனப்படும் இந்நரம்பே கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது. சுண்டுவிரலுக்கும், மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சியைத் தருகிறது. மீடியன் எனப்படும் மற்றொரு நரம்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே தோலுக்கு அருகில் வந்து, கட்டைவிரலின் தசைகளுக்கும் எஞ்சிய விரல்களின் உணர்ச்சிக்கும் பொறுப்பேற்கிறது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பாகங்களை நாடுவது. நரம்புகள் தசைகளுக்கு அடியில் ஆழ்ந்து ஓடும் இடங்களில் வெப்பம் மிகுதி. அங்கு அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. தோலை ஒட்டி வரும் இடங்களில் வீங்கி நலிகின்றன. விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளில் பெரும்பாலானவற்றுக்கு மீடியன் நரம்பிலிருந்து செல்லும் கிளைகள் அதன் நலிந்த இடத்துக்கு மேலேயே பிரிந்துவிடுவதால் அத்தசைகள் பெரும்பாலும் பழுதாவதில்லை. செங்கற்பட்டு இளைஞரின் பிடியில் இருந்த பலம் அவற்றின் பலமே. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்தபின், அவற்றோடு சேர்ந்து இழுத்துவந்த பெருந்தசைகள் தடையின்றி இழுக்கவே, அடிமூட்டுப் பின்னோக்கி வளைந்து, மேல் மூட்டுகள் உள்நோக்கி மடங்கிவிடுகின்றன.

இவ்வாறு எந்தத் தசை கெடும், எது கெடாது என்பது ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் ஒரே ஒழுங்கில் இருந்தது. அறுவை சிகிச்சை நிபுணருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கெடாது என்று நிச்சயமாகத் தெரிந்த தசையை எடுத்து, கெட்டுப்போனதன் வேலைக்கு அமர்த்தலாம் அல்லவா? ஒரு வாய்க்காலின் நீரை வேறொரு வயலுக்குத் திருப்பிவிடுவது போன்றது இது. ஒவ்வொரு விரலையும் மடக்குவதற்கு இரு தசைநாண்கள் உள்ளன; ஒன்று மேலாகவும் மற்றொன்று ஆழமாகவும் ஓடுகிறது. ஆழமானதே போதுமாதலால் மேலோட்டமானதை ஒரு விரலிலிருந்து கழற்றி, நான்கு இழைகளாகப் பிளந்து, நான்கு விரல்களின் பக்கவாட்டிலும் கொண்டுபோய்த் தைத்துவிடலாம். அமெரிக்காவின் கை அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னெல், விபத்தில் நரம்பு அறுந்தவர்களுக்காக வகுத்த முறை இது. பிராண்ட் 1948-இல் வேலூரில் தம் முதல் அறுவைகளைத் தொடங்கியபோது இதையே அடிப்படையாகக் கொண்டார். பின்னர் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுள் ஒன்றை எடுத்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய தசைநாணால் அதை நீட்டி, நான்கு வாலாகப் பிரித்து விரல்களில் இணைக்கும் முறையை அவர் வகுத்தார். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்நோக்கி வருவதற்கு மோதிர விரலின் தசைநாண் ஒன்று பயன்பட்டது. இம்முறைகள் சிற்சில மாறுதல்களுடன் இன்றும் கையாளப்படுகின்றன. கண்ணாடியாலோ அரிவாளாலோ முன்கையில் நரம்பு அறுந்தும் இணைக்க முடியாமற்போனவர்களுக்கும் இவை உதவுகின்றன.

கத்தியின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பே, விறைத்த மூட்டுகளை எண்ணெய்த் தேய்ப்பாலும் உருகிய மெழுகின் ஒத்தடத்தாலும் பல வாரங்கள் இளக வைத்திருக்க வேண்டும். மூட்டே உறைந்துபோன விரலை எந்தத் தசையாலும் அசைக்க முடியாது. அறுவைக்குப் பின் சுமார் மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்த கையைத் திறக்கும்போதோ நோயாளி திகைக்கிறார். நேற்றுவரை ஒரு விரலை மடக்கிவந்த தசை இன்று நான்கு விரல்களை ஆட்டவேண்டும். மூளைக்கு இது தெரியாது. 'பழைய விரலை மடக்குவதாக எண்ணுங்கள்' என்று பயிற்சியாளர் சொல்ல, எண்ணிய விரலுக்குப் பதிலாக நான்கு விரல்களும் நிமிர்ந்து அசைகின்றன. நாளடைவில் எண்ணாமலே அசைகின்றன. இப்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு நல்ல அறுவையும் பயன் தரவில்லை என்பது அனுபவம்.

வேலூரில் நிமிர்ந்த விரல்களோடு அனுப்பப்பட்டவர்களுள் சிலர் விரைவில் திரும்பி வந்தனர். பிச்சையெடுத்து வாழ்ந்த அவர்களுக்கு, கை நேராகிவிட்டதால் பிச்சை விழவில்லை. தொழுநோயாளி என்று ஊரார் அறிந்திருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. மருத்துவம் வெற்றி பெற்று மனிதர் பட்டினி கிடந்த இச்செய்தியை, நம் போன்ற அரசாங்க ஊழியர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம். 1951-இல் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் ஒரு சிறு குடியிருப்பு அமைக்கப்பட்டது. அங்கே அறுவை செய்துகொண்டவர்கள் தச்சுவேலையும் பொம்மைத் தொழிலும் கற்றனர்.

எதிர்பாராத பாடம் கிடைத்ததும் அங்கேதான். நிமிர்த்தப்பட்ட கைகளில் புண்கள் தோன்றின, விரல்கள் குறுகின. தொழுநோயில் சதை அழுகி விரல் உதிர்ந்துவிடும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். ஒரு நாள், துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருப்ப முடியாமல் பிராண்ட் தவித்தபோது, அருகிலிருந்த சிறுவன் ஒருவன் அதை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். அவன் விரலைப் பார்த்தபோது சாவி எலும்புவரை வெட்டியிருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்குக் காரணம் எலி. உறங்குவோர் அது கடித்ததை உணரவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு செல்வோர் பூனை ஒன்றை வளர்க்கவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. சூடான பாத்திரம், சுத்தியலின் ஆணி துருத்திய பிடி, விரலிடுக்கில் எரிந்து முடியும் பீடி என்று காரணங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. தொழுநோயில் விரல் தானாக உதிர்வதில்லை என்றும், வலி அறியாத கை காயப்பட்டுச் சீழ்பிடித்துக் குறுகுகிறது என்றும் உறுதியாயிற்று. சரியாகப் பாதுகாத்தால் அவர்களது புண்களும் மற்றவர்களுடையவை போலவே ஆறின.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். ஆங்கில மருத்துவ நூல்களில் இதற்கு வழங்கும் சொல்லை 'உணர்வற்ற கை' என்று பெயர்ப்பது வழக்கம். தமிழ்நாட்டுக் கிராமத்தார் 'கை மரத்துப்போயிற்று' என்கிறார்கள். மரம் போன்ற கை. வெட்டினாலும் சுட்டாலும் குரல் கொடுக்காத கை. மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் பின்னதையே விரும்புகிறேன். நோயாளியிடம் பேசும் களப்பணியாளருக்கும் அதுவே பயன்படும்.

தசையை மாற்றியமைக்கும் அறுவையால் அசைவு திரும்புகிறது. இழந்த உணர்ச்சி அதனால் திரும்புவதில்லை. ஆகவே மரத்த கை உடையவர் தம் கண்ணையே தோலாகக் கொண்டு வாழப் பழகவேண்டும். நாள்தோறும் கையைப் பார்ப்பது, நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுவது, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கத் தடித்த பிடிதுணி கொள்வது, மண்வெட்டிப் பிடிக்குத் துணி சுற்றுவது ஆகியவை அறுவைக்குப் பின்னும் தொடரவேண்டியவை.

இவை எல்லாம் நரம்பு முற்றிலும் நலிந்த பின் செய்பவை. அதற்கு முந்திய கட்டத்தில்தான் களப்பணியாளரும் ஆசிரியரும் வருகிறார்கள். நரம்பு பலமிழக்கத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் நோயாளி மருத்துவரிடம் வந்தால், பிரட்னிசோலோன் மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில் சில மாதங்கள் உட்கொள்வதால் பலமும் உணர்ச்சியும் பலருக்குத் திரும்பக்கூடும். கத்திக்கு வேலையே இராது. காலம் கடந்தால் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். இம்மாற்றத்தைக் கண்டறியக் கருவி எதுவும் தேவையில்லை. நோயாளி உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு சுண்டுவிரலை வெளிப்புறமாக விரிக்கட்டும். அதைப் பணியாளர் தம் விரலால் மெல்ல உள்ளே தள்ளிப் பார்க்கட்டும். எதிர்த்து நிற்காவிடில் அல்நார் நரம்பு நலிகிறது என்று ஐயுற வேண்டும். கட்டைவிரலை உள்ளங்கைக்கு நேர் மேலாகத் தூக்கச் சொல்லி அவ்வாறே சோதித்தால் மீடியன் நரம்பின் நிலை தெரியும். பின்னர் நோயாளியின் கண்ணை மூடச் செய்து, பந்துமுனைப் பேனாவால் உள்ளங்கையிலும் விரல்களிலும் இலேசாகத் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்லலாம். இரு கைகளையும் ஒப்பிட்டு, போன மாதத்துப் பதிவோடும் ஒப்பிடுவது முக்கியம். பதிவு இல்லாத சோதனையால் மாற்றம் தெரியாது.

ஆசிரியருக்குச் சோதனை கூடத் தேவையில்லை. முன்பு ஒழுங்காக எழுதிய பிள்ளையின் எழுத்து கோணலாகிறது. பொத்தான் போட அடுத்த பிள்ளையின் உதவியை நாடுகிறது. விரலில் சுட்ட புண் இருந்தும் அழவில்லை. இப்படிப்பட்ட பிள்ளையின் உடலில் நிறம் வெளுத்து உணர்ச்சி குன்றிய படை ஏதும் உள்ளதா என்று பெற்றோரைக் கேட்கலாம். தேமல் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. பிள்ளையைத் தனியாக உட்காரவைப்பது மட்டும் கூடாது. கூட்டு மருந்து தொடங்கியதும் நோய் பிறருக்குப் பரவும் தன்மை விரைவில் நீங்கிவிடுகிறது. மருந்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ, நோயின் வகையைப் பொறுத்து, அரசாங்க சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

1955-இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1983-இல் ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டில் நோயாளர் விகிதம் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே இறங்கியது. நோய் ஒழிந்துவிட்டது என்று பலர் இதற்குப் பொருள் கொண்டுவிட்டனர். இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்பட்டு வருகின்றனர். அவர்களுள் கை கால் ஊனத்தோடு வருவோரும் உளர். முன்பே ஊனமுற்று மருந்தை முடித்துவிட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் நோயாளியாக இல்லாமல் மடங்கிய விரல்களோடு வாழ்கிறார்கள்.

அத்தகையோருக்கே அறுவை சிகிச்சை முதன்மையாகத் தேவைப்படுகிறது. நரம்பு நலிந்து ஆறு மாதமோ ஓராண்டோ கடந்திருக்க வேண்டும். மருந்து முறையாக உட்கொண்டிருக்க வேண்டும். அண்மையில் நரம்பு வீக்கமோ வலியோ இருக்கக்கூடாது. கையில் ஆறாத புண்ணும் இருக்கக்கூடாது. பிராண்ட் முதலில் சென்ற செங்கற்பட்டு மருத்துவமனையை 1955-இல் மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக, டில்லியிலுள்ள சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககத்தின் கீழ் இயங்குகிறது; இவ்வறுவைகள் அங்குச் செய்யப்படுகின்றன. வேலூரை அடுத்த கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையமும், டில்லியில் ஷாதராவை அடுத்துள்ள தொழுநோய் மிஷன் மருத்துவமனையும் இப்பணியைச் செய்துவருகின்றன. அறுவை செய்துகொள்வோருக்குத் தேசியத் திட்டத்தின்கீழ்ப் பண உதவி உண்டு. வேலைக்குப் போகாத வாரங்களை எண்ணித் தயங்கும் கூலியாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மாவுக்கட்டு மூன்று வாரம், பயிற்சி ஏறக்குறைய அதே அளவு. பயணத்துக்கும் முன்பயிற்சிக்கும் வேறு நாட்கள் ஆகும். ஊருக்கு ஒருவராக அனுப்புவதைவிட, பக்கத்து ஊர்களில் இருப்பவர்களையும் சேர்த்து இருவர் மூவராக அனுப்பினால், பயிற்சியை நடுவில் விட்டுவிட்டு வருவது குறைகிறது.