மச்சு வாயை எந்தப் பக்கம் அகலப்படுத்துவது?

மாடிக்கோ மச்சுக்கோ ஏற விட்டிருக்கும் இரண்டடிச் சதுர வழி, பித்தளை அண்டாவை மேலேற்றும் நாளில் போதாமல் போகிறது. இன்னும் ஓர் அடி உடைக்கச் சொல்லிக் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம். எவ்வளவு உடைப்பது என்ற பேச்சில், எந்தத் திசையில் என்ற கேள்வி எழுவதே இல்லை. வீட்டின் பலம் அந்தத் திசையைப் பொறுத்தது. காரணத்தை விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர் எளிதில் பிடித்துக்கொள்வார். பீங்கானைப் போலவே கான்கிரீட்டும் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதன் இழுவலிமை அழுத்த வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பாரம் ஏறும்போது தளத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது. அந்த இழுப்பை ஏற்கத்தான் அடியில் கம்பி போடுகிறோம். நீளமான அறையில் மெயின் கம்பி குறுகிய பக்கமாக, சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஓடும். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பி இருந்தால், 60 சென்டிமீட்டர் அகல வாய் சுமார் நான்கு மெயின் கம்பிகளை ஏற்கெனவே துண்டித்திருக்கும். அதே வாயைக் கம்பி ஓடும் திசையிலேயே நீட்டினால் புதிதாக ஒரு மெயின் கம்பியும் அறுபடாது. குறுக்கே 90 ஆக்கினால் அறுபட்டவை ஆறாகிவிடும். மரக் கட்டை போட்ட பழைய மச்சிலும் இதே கணக்குத்தான்: இரு கட்டைகளுக்கு நடுவே நீளவாக்கில் போகலாம், ஒரு கட்டையை வெட்டியே ஆகவேண்டுமென்றால், வெட்டிய முனையைக் குறுக்குச் சட்டத்தில் தாங்கி, பக்கத்துக் கட்டைகளுக்குப் பாரத்தைக் கடத்த வேண்டும்.

“இப்படி எத்தனையோ வீட்டில் உடைத்தாயிற்று, ஒன்றும் விழவில்லையே” என்பார்கள். விழாததற்குக் காரணம் உண்டு. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன்படி பாரத்தை ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டு, கான்கிரீட், கம்பி இரண்டின் பலத்தையும் குறைத்தே எடுக்கிறார்கள். நாம் உடைக்கும்போது செலவாவது அந்தக் கையிருப்பு. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோதான் வழக்கமான கணக்கு. மேலே ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் அதன் தண்ணீரே ஒரு டன். சுற்றிலும் இரும்பு ஆங்கிள் வைத்துவிட்டால் போதாதா? ஓட்டையின் விளிம்போடு முடிந்துவிடும் சட்டம் வெறும் அலங்காரம். அதன் முனைகள் சுவரிலோ பீமிலோ போய் உட்கார வேண்டும். உடைப்பதற்கு முன்பே கீழே முட்டும் கொடுத்திருக்க வேண்டும்.

மூலைகளைத்தான் பலரும் மறக்கிறார்கள். இழுபடும் தகட்டில் வட்டத் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று 1898இல் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டார். துளையின் முனை கூராகக் கூராக அது இன்னும் ஏறும் என்று 1913இல் பொறியாளர் இங்லிஸ் காட்டினார். பீங்கான் பட்டறையிலும் இதே கதைதான்: ஃபியூஸ் கேரியரின் பச்சை மண் உடலில் கூரான உள்மூலை விட்டால், காயும்போதோ சூளையிலோ அங்கேதான் விரிசல் தொடங்கும். தளத்திலும் நான்கு மூலைகளில் முதலில் வட்டத் துளை போட்டு, அவற்றுக்கிடையே வைரப் பிளேடால் அறுப்பதுதான் முறை. சம்மட்டி அடி மிச்சமிருக்கும் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பையே அசைத்துவிடும்.

திசை விதிக்கு விலக்குகளும் உண்டு. சதுர அறையில் இரு பக்கமும் மெயின் கம்பிதான், அங்கே பொறியாளரின் கணக்கு இல்லாமல் கை வைக்கக் கூடாது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் லாஃப்ட்டில் இழுப்பு மேல்பக்கம், கம்பியும் மேலேதான். சுவரோரமாக அதை அறுத்தால் மொத்தப் பலகையும் பிடி இழந்துவிடும்.