பிள்ளைகள் மடித்துப் பார்க்கட்டும்

“கனசதுரத்திற்கு முகங்கள் 6, விளிம்புகள் 12, முனைகள் 8” என்று நம் பிள்ளைகள் தடங்கலின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால் ஆறு சதுரங்கள் இணைந்த ஒரு படத்தைக் காட்டி, “இதை மடித்தால் கனசதுரம் ஆகுமா?” என வினவினால், பலர் வாய்மூடி நிற்கக் காண்கிறோம். உடனே, “இவனுக்குக் கணக்கு வராது” என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம். இத்தீர்ப்பு நீதியானதன்று. கை செய்து பாராததை மனக்கண் எங்ஙனம் காணும்?

தட்டையான தாள் கன உருவமாக மாறுவதை அறிதல் தேர்வுக்கு மட்டும் உரிய கல்வியன்று. தகரத்தை வெட்டிப் பெட்டி செய்பவரும், துணியை வெட்டிச் சட்டை தைப்பவரும் இவ்வறிவைக் கொண்டே பிழைக்கின்றனர். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர், அளவை முறை பற்றி 1525-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கன உருவங்கள் பலவற்றை விரித்துத் தட்டையாக வரைந்து காட்டினார். ஓவியர், பொற்கொல்லர், தச்சர் முதலிய கைவினைஞர் பயன்பெறவே அந்நூலை அவர் எழுதினார்.

அவர் தாளில் காட்டியதை நாம் வீட்டிலேயே செய்து காணலாம். பழைய திருமண அழைப்பிதழ் அட்டையிலிருந்து சம அளவான ஆறு சதுரங்களை வெட்டி, விளிம்போடு விளிம்பு ஒட்டி, ஒரு கனசதுரம் செய்க. பின்னர் பிள்ளையிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து, எந்தச் சதுரமும் தனியே பிரியாமல் அப்பெட்டியை விரித்துத் தரையில் படுக்க வைக்கச் சொல்க. எவ்வழியில் வெட்டினாலும் 12 விளிம்புகளில் 7 வெட்டுண்டு, 5 மட்டுமே எஞ்சும். ஆறு சதுரங்களைத் தொடர்ந்து பிணைக்க ஐந்து இணைப்புகள் போதும். ஆறாவது ஒன்று இருப்பின் பெட்டி தட்டையாக விரியாது. இக்காரணத்தைப் பிள்ளையே கண்டு கூறட்டும்.

அடுத்து, கட்டம் போட்ட தாளில் ஆறு சதுரங்களை வெவ்வேறு விதமாக இணைத்து வரையச் செய்க. திருப்பியும் புரட்டியும் ஒன்றாய் வருவனவற்றை ஒன்றாகவே கொண்டால், இத்தகைய வடிவங்கள் மொத்தம் 35. அவற்றுள் கனசதுரமாக மடிபவை 11 மட்டுமே. நாம் நன்கறிந்த சிலுவை வடிவம் அவற்றுள் ஒன்று.

மடியாதவையே சிறந்த ஆசிரியர்கள். ஐந்து சதுரங்கள் ஒரே வரிசையில் நின்றால், ஐந்தாவது முதலாவதன்மேல் வந்து படியும். ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். நான்கு சதுரங்கள் ஒரு புள்ளியைச் சுற்றி நெருங்கி நின்றாலும் பெட்டி அமையாது. ஏனெனில், கனசதுரத்தின் முனை ஒவ்வொன்றிலும் கூடுபவை மூன்று முகங்களே.

நன்கு பழகியபின் பகடை செய்யலாம். பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7. மடிப்பதற்கு முன்னரே ஆறு எண்களையும் தட்டையான தாளில் உரிய இடங்களில் எழுதவேண்டும். ஒரே வரிசையில், நடுவே ஒரு சதுரம் விட்டு நிற்கும் இரண்டும் மடித்தபின் எதிரெதிராக அமையும் என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வான். அன்று முதல், மடிக்காமலே மனத்தால் மடிக்கும் ஆற்றல் அவனிடம் வளரத் தொடங்கும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தவறாக வெட்டும்போது தாளைப் பிடுங்கி நாமே செய்து காட்டுதல் எளிது; பொறுத்திருத்தல் அரிது. எனினும் வீணாகும் பத்துத் தாள்களின் விலை சொற்பமே. “எனக்கு வராது” என்று பிள்ளை தன்னைத்தானே ஒதுக்கிக்கொண்டால், அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்ய இயலாது. ஆகவே, விடையைச் சொல்லாமல் அருகே அமர்ந்திருப்போம். அவர்கள் மடித்துப் பார்க்கட்டும்.