அந்திம காலமும் சந்ததியின் கடனும்

முதியோருக்கு அந்திம காலம் வரையில் வைத்தியம் செய்வது சமுதாயத்தின் தர்மம் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. அதன் செலவை ஏற்க வேண்டியவர் இன்றைய பிரஜையா, இனிப் பிறக்கப்போகும் பிரஜையா என்பதே இப்போது ஜப்பான் தேசத்தை வாட்டும் பிரச்சினை. அங்கே ஜனங்களில் 100-க்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அரசாங்கத்தின் கடனோ, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் அதிகம்.

இதன் மூலத்தைச் சற்றுப் பின்சென்று காண வேண்டும். 1973-இல் 70 வயது நிரம்பியோரின் மருத்துவக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் எண்ணெய் நெருக்கடி தோன்றி வரி வருமானம் குன்றவே, அன்றாடச் செலவின் பற்றாக்குறையைக் கடன் பத்திரங்களால் ஈடுகட்டும் வழக்கம் 1975 முதல், இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, வேரூன்றிவிட்டது. இலவச வைத்தியம் 1983-இல் முடிவுற்றது, கடன் முடிவுறவில்லை.

பாலம், சாலை முதலியவற்றுக்காக வாங்கும் கடனை 60 ஆண்டுகளில் தீர்ப்பது அந்நாட்டு நியதி. அவை சராசரியாக அத்தனை காலம் நிலைப்பவை ஆதலால், அவற்றை அனுபவிக்கப்போகும் பேரனும் ஒரு பங்கு செலுத்துவது நியாயமே என்பது அதன் தாத்பரியம். ஆனால் அன்றாடச் செலவுக்காக வாங்கிய கடனுக்கும் பிற்பாடு அதே தவணையை விஸ்தரித்துவிட்டார்கள். ஆகவே பாட்டனார் உட்கொண்ட மருந்தின் விலையில் ஒரு பகுதியை, அதனால் யாதொரு பயனும் பெறாத பேரன் செலுத்த நேர்கிறது. 75 வயது கடந்தோருக்காக 2008-இல் ஏற்பட்ட காப்பீட்டிலும், நோயாளி நேரே தருவது போக எஞ்சும் செலவில், சுமார் பாதி பொதுப்பணம். பத்தில் நான்கு பங்கு இளையோரின் சந்தா. ஒரு பங்கே முதியோரின் சந்தா.

இக்கணக்கைக் கண்டு மரணத்தையே செலவினமாகக் கருதத் தலைப்படுவது பெரும் பிழை. 2013 ஜனவரியில் நிதியமைச்சர் தாரோ ஆசோ, அரசாங்கச் செலவில் உயிரை நீட்டிப்பது குறித்துக் கடுமையாகப் பேசி, கண்டனம் எழுந்தபின் அதனை வாபஸ் பெற்றார். எந்தச் சிகிச்சை இறுதிச் சிகிச்சை என்பது பெரும்பாலும் மரணத்திற்குப் பின்னரே புலனாகிறது. பிழைப்பார் என்று நம்பிச் செய்த செலவை, அவர் பிழைக்காத காரணத்தால் வீண் என்பது எங்ஙனம் பொருந்தும்?

ஒரு நகராட்சி மருத்துவமனையில் நோயாளிகளின் சுவாசக் கருவிகள் அகற்றப்பட்ட செய்தி 2006-இல் வெளியானதை அடுத்து, நோயாளியின் சித்தமே பிரதானம், முடிவு ஒரு வைத்தியர் தனித்து எடுப்பதாக இருத்தலாகாது என்னும் நெறிகளைச் சுகாதார அமைச்சகம் 2007-இல் வகுத்தது. நினைவு தெளிவாக இருக்கும்போதே குடும்பத்தாருடனும் வைத்தியருடனும் மீண்டும் மீண்டும் பேசி விருப்பத்தைத் தெரிவித்து வைக்குமாறு 2018-இல் திருத்திய நெறிகள் வற்புறுத்துகின்றன. இவை நோயாளியின் மானத்தைக் காக்க எழுந்தவை; கஜானாவைக் காக்க எழுந்தவை அல்ல.

கஜானாவைக் காக்கும் மார்க்கம் வேறு. 1989-இல் 3 சதவீதமாகத் தொடங்கிய நுகர்வு வரியை 10 சதவீதமாக உயர்த்த 2012-இல் சட்டம் இயற்றியும், இரு முறை ஒத்திவைத்து, 2019-இல்தான் நிறைவேற்றினார்கள். சந்ததிக்கு இழைத்த அநீதி இத்தகைய தயக்கங்களில் இருக்கிறது. மரணப்படுக்கையில் கிடப்பவரிடம் சிக்கனத்தை எதிர்பார்ப்பது அறமாகாது. வாக்கும் வருமானமும் உடையோர் தம் காலத்துச் செலவைத் தம் காலத்து வரியாலேயே தீர்ப்பதுதான் வருங்காலத் தலைமுறைக்கு ஆற்ற வேண்டிய கடமை.