கம்ப்யூட்டர் ஆமையா நகருதா? முதலில் கணக்கைக் காப்பாத்துங்க!



கூட்டமைப்புக் கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு குழுவின் ஊக்குநர் என்னிடம் கேட்டார்: “வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, உலை வச்சு, சோறு வடிச்சிட்டு வந்து பார்த்தாலும் இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குக்கா. இதைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்க குழுவுல கடன் கேக்கலாம்னு இருக்கேன். கேக்கட்டுமா?”

“குழுக் கணக்கு அதுலதான் இருக்கா?” என்று கேட்டேன். ஆமா என்றார். “வேற எங்கயாவது காப்பி இருக்கா?” என்றேன். பதில் இல்லை.

நம்மில் பல பேர் வீட்டில் இருப்பது பிள்ளைகள் படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. பிள்ளை படிப்பை முடித்து வேலைக்கோ, கல்யாணமாகியோ போய்விட்டது. மடிக்கணினி மட்டும் வீட்டில் தங்கி, குழுக் கணக்கு எழுத உதவிக்கொண்டு இருக்கிறது. அதன் உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் மெதுவாவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால், கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியது இல்லை.

உள்ளே ஒரு கதிர் சுத்துது

மில் வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு இது சட்டென்று விளங்கும். ரிங் பிரேமில் கதிர் சுற்றுகிறதே, ஸ்பிண்டில் என்கிறோமே, ஹார்ட் டிஸ்க்கின் நடுவில் இருக்கும் அச்சுக்கும் அதே பெயர்தான், ஸ்பிண்டில். நம் ஊர்க் கதிர் அளவுக்கு வேகம் கிடையாது. மடிக்கணினியில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, மேசைக் கம்ப்யூட்டரில் 7200 சுற்று. அந்த அச்சில் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் மாட்டியிருக்கும். தட்டின் மேல் காந்தப் பூச்சு. அதில்தான் நம் கணக்கு, போட்டோ எல்லாம் பதிகிறது. பழைய ரிக்கார்டு பிளேயர் போல ஒரு கை இப்படியும் அப்படியும் நகர்ந்து படிக்கும். ஆனால் அதன் முனை தட்டைத் தொடாது. சுழற்சியில் எழும் காற்றின் மேல் மிதக்கும். இடைவெளி நம் தலைமுடித் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்று சொல்வது அதனால்தான். ஒரு பொட்டுத் தூசி உள்ளே போனால் போதும், தட்டில் கீறல்.

1956இல் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது அதில் 50 தட்டுகள் இருந்தன. பீரோவைவிடப் பெரியது. அவ்வளவு பெரிய சாமான் பிடித்தது சுமார் 5 எம்.பி. மட்டும். இன்றைக்குச் செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும்!

7200 சுற்று ஓடும் டிஸ்க்கில் கை ஓர் இடத்துக்கு நகர்ந்து, வேண்டிய பகுதி சுற்றிக் கீழே வரும்வரை காத்திருக்க, சராசரியாக 13 மில்லி விநாடி ஆகும். அப்படியானால் ஒரு விநாடிக்கு 75, 80 இடங்களுக்குத்தான் போய்வர முடியும். கம்ப்யூட்டரைப் போட்டவுடன் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பைல்களைத் தேடி எடுக்க வேண்டும். ஒற்றை ஆள் ஊர் முழுக்கச் சந்தாப் பிரிக்கிற மாதிரி, ஓடி ஓடி மூச்சு வாங்குகிறது.

குற்றவாளி யார்?

எல்லாப் பழியையும் டிஸ்க் மேல் போட்டுவிட முடியாது. கீபோர்டில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிதாகத் தெரிந்தால் கீழே ‘மோர் டீட்டெயில்ஸ்’ என்பதைத் தட்டுங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று மூன்று கட்டங்கள் வரும். கம்ப்யூட்டர் போட்டு ஒரு 15 நிமிடம் கழித்தும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் டிஸ்க் திணறுகிறது. ஆனால் பக்கத்தில் மெமரியும் 90ஐத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்க. நின்றால் கதை வேறு.

மெமரி என்பது அடுப்படி மேடை. டிஸ்க் என்பது அரங்கு வீடு. மேடையில் இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு சாமானையும் அரங்கு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மறுபடி எடுத்து வர வேண்டும். பழைய மடிக்கணினியில் 2 ஜி.பி. மெமரிதான் இருக்கும். அதில் கூகுள் குரோமில் ஐந்தாறு பக்கத்தைத் திறந்துவைத்தால் டிஸ்க் ஓடாமல் என்ன செய்யும்? அங்கே மெமரியைக் கூட்டுவதுதான் வைத்தியம்.

அதே டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட் அப்’ என்ற பக்கம் உண்டு. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே கூடவே எழுந்து வரும் புரோகிராம்களின் வரிசை அது. வேண்டாததை ‘டிஸேபிள்’ செய்யலாம். புரோகிராம் அழியாது, தானாக எழாது, அவ்வளவுதான். இரண்டு ஆன்ட்டி வைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

சி டிரைவ் நிறைந்துவிட்டதா என்றும் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருப்பது நல்லது. ‘டிஸ்க் கிளீன் அப்’ போட்டுத் தேவையற்றதை நீக்கலாம். அந்தப் பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்று ஒரு வரி இருந்தால் அந்த டிக்கை எடுத்துவிடுங்க. வங்கியில் இருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

துண்டு துண்டாகச் சிதறிய பைல்களைச் சேர்த்துவைக்கும் ‘டிபிராக்மென்ட்’ வேலையை இப்போதைய விண்டோஸ் தானாகவே அவ்வப்போது செய்துகொள்கிறது. அதற்கென்று யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பஞ்சும் கரண்டும்

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறி ஓடும் வீடுகளில் கம்ப்யூட்டரின் காற்றுத் துவாரத்தைப் பார்த்தால் மெத்தை மாதிரிப் பஞ்சு அடைத்திருக்கும். காற்று போகாது, சூடு ஏறும். சூடு ஏறினால் கம்ப்யூட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கும் சூடு ஆகாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் மெதுவாகத் துடையுங்கள். மடிக்கணினியைக் கட்டிலில், தலையணை மேல் வைத்து வேலை பார்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

கரண்டு படக்கென்று போகும்போது டிஸ்க்கின் கை தானாகவே பத்திரமான இடத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் பாதி எழுதிய பைல் பாதியிலேயே நின்றுவிடும். மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு யு.பி.எஸ். அவசியம். அதன் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். பெட்டி இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். மாதம் ஒரு தடவை, வேலை எதுவும் இல்லாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள்.

மெதுவாவது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்

இதுதான் முக்கியமான இடம். டிஸ்க் தட்டில் சில பகுதிகள் கெட்டுப்போனால், அங்கே படிக்க முடியாமல் கை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். வெளியே நமக்குத் தெரிவது கம்ப்யூட்டர் அசையாமல் நிற்பதுதான். ஒரு குறிப்பிட்ட பைலைத் திறந்தால் மட்டும் நிற்கிறது, ‘டக் டக்’ என்று சத்தம் வருகிறது, பைல் பெயர்கள் கிறுக்கலாகத் தெரிகின்றன என்றால், டிஸ்க் சாகப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க் தன் உடம்புநிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்ளும். அதை ஸ்மார்ட் என்பார்கள். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச புரோகிராம் அந்தக் குறிப்பைப் படித்துச் சொல்லும். நீலத்தில் ‘குட்’ என்றால் நலம். மஞ்சளில் ‘காஷன்’ என்றால் கெட்ட பகுதிகள் சேர ஆரம்பித்துவிட்டன. சிவப்பு வந்துவிட்டால் நாள் எண்ண வேண்டியதுதான். பரிசோதனை நல்லபடியாக வந்தாலும் டிஸ்க் திடீரென்று போவதும் உண்டு. நீலத்தைப் பார்த்துவிட்டுக் காப்பி எடுக்காமல் இருந்துவிடாதீங்க.

மஞ்சளோ சத்தமோ வந்துவிட்டால், முதல் வேலை காப்பி. ‘செக் டிஸ்க்’ போடுவது, ‘டிபிராக்மென்ட்’ செய்வது எல்லாம் நல்ல டிஸ்க்குக்கு வைத்தியம். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அவை மணிக்கணக்கில் ஓடவிட்டு இன்னும் சீக்கிரம் முடித்துவிடும். காய்ச்சல்காரரை வயல் வேலைக்கு அனுப்பின மாதிரி. காப்பி எடுக்கும்போதும் டிஸ்க் முழுவதையும் இழுக்காதீர்கள். குழுக் கணக்கு, உறுப்பினர் விவரம், தீர்மான நகல், பிள்ளைகளின் சான்றிதழ், அப்புறம் போட்டோ, இந்த வரிசையில் எடுங்கள். சினிமாப் பாட்டு கடைசியில். ஒரு பைலில் மாட்டிக்கொண்டு நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் நடந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்த தெம்பில் கையால் பேரேடு எழுதுவதை நிறுத்தியிருந்தார்கள். மெதுவாகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார்கள். கடைக்காரப் பையன் ‘பார்மட் பண்ணி புதுசா விண்டோஸ் போட்டா பறக்கும்’ என்றான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. பறந்தது என்னவோ கணக்குதான். வங்கிக் கடனுக்குத் தர மதிப்பீடு வரும் நேரம். 15 உறுப்பினர்களின் தனிநபர் பாஸ் புத்தகங்களை வாங்கி, வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, உள்கடன் வட்டியை மறுபடி போட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் பாஸ் புத்தகத்தில் ஐந்து மாத வரவு பதியவே இல்லை. ‘நான் கட்டினேன்’, ‘நீ கட்டலை’ என்று பேச்சு வளர்ந்து, ஒரு சகோதரி குழுவை விட்டே போய்விட்டார். கடன் பிற்பாடு கிடைத்தது. அந்தச் சகோதரி திரும்பி வரவில்லை.

ஆகவே கடையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, ‘எவ்வளவு ஆகும்?’ என்பது இரண்டாவது. ‘உள்ளே இருப்பதை அழிக்காமல் செய்வீர்களா?’ என்பது முதலாவது. அவர் ஆமாம் என்றாலும், நீங்கள் காப்பி எடுத்த பிறகே கொடுங்கள். தெரியாமல் பார்மட் ஆகிவிட்டால் உடனே கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். மேலே புதிதாக எதுவும் எழுதப்படாவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு.

கடன் வாங்கலாமா?

அந்த ஊக்குநரின் கேள்விக்கு வருகிறேன். புதுக் கம்ப்யூட்டர் வேண்டியது இல்லை என்றுதான் நான் சொன்னேன். இப்போது எஸ்.எஸ்.டி. என்று சுழலாத டிஸ்க் வருகிறது. உள்ளே தட்டும் இல்லை, கையும் இல்லை, பென் டிரைவ் போலச் சில்லுதான். பழைய மடிக்கணினியிலும் அதே இடத்தில் பெரும்பாலும் பொருந்தும். சுழலும் டிஸ்க் விநாடிக்கு 80 இடத்துக்குப் போனால் இது ஆயிரக்கணக்கான இடத்துக்குப் போய்வரும். அதோடு மெமரியையும் கூட்டிவிட்டால், சோறு வடிக்கிற நேரத்தில் எழுந்த கம்ப்யூட்டர் அடுப்புப் பற்றவைக்கும் முன் எழுந்துவிடும். செலவு புதுக் கம்ப்யூட்டர் விலையில் ஒரு சிறு பங்கு. இரண்டு மூன்று கடையில் விலை கேட்டு, பில்லும் வாரண்டியும் வாங்குங்கள். பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே புதியதில் இறக்கித் தருவார்கள், ‘குளோன்’ என்று கேளுங்கள். எஸ்.எஸ்.டி.யிடம் ஒரு குறை: சாகும்போது சத்தமே போடாது.

ஒரே விஷயம் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 பழைய மடிக்கணினிகள் பலவற்றில் முறைப்படி ஏறாது. அதில் கணக்கு எழுதலாம், ஆனால் வங்கி வேலை, பணம் அனுப்புவது வேண்டாம். தெரிந்த பிள்ளைகள் இருந்தால் இலவச லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம்.

காப்பி எடுக்க இரண்டு பென் டிரைவ் வாங்குங்கள். ஒன்று ஊக்குநர் வீட்டில், இன்னொன்று பிரதிநிதி வீட்டில். குழுக் கூட்டம் முடிந்த அன்றே இரண்டிலும் ஏற்றி, ஏற்றியதை ஒருதரம் திறந்து பார்த்து, தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்க. பேரேட்டில் கையால் எழுதுவதையும் நிறுத்த வேண்டாம்.

மாற்றி எடுத்த பழைய டிஸ்க்கை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீங்க. பைலை அழித்தாலும், சாதாரணமாக பார்மட் செய்தாலும் மீட்டு எடுத்துவிட முடியும். உறுப்பினர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், குடும்பப் போட்டோ எல்லாம் அதில் இருக்கிறது. நல்ல டிஸ்க் என்றால் ஒரு உறை போட்டு வெளியிலிருந்து செருகும் டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனது என்றால் வீட்டுக்காரரிடமோ பையனிடமோ கொடுத்து, டிரில்லால் தட்டுகளின் வழியே மூன்று நான்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். சில டிஸ்க்கில் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லு தெறிக்கும். துணியைச் சுற்றிப் போடச் சொல்லுங்க, கண்ணையும் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்க.