அங்கே போனால் பேச்சு வந்துவிடுமா?

திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1949 முதல் 1952 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்தார். ஸ்டாலினை அவர் சந்தித்தபோது இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். தூதருக்கு அது போதும். மொழி கற்கப் போகிறவருக்கு? ‘அங்க போய் ஒரு வருஷம் இருந்தா தானா வந்துரும்’ என்பது நம்மிடம் புழங்கும் நம்பிக்கை. இந்தத் ‘தானா’வைத்தான் நாம் கேள்விக்குட்படுத்த வேண்டியிருக்கிறது.

ருஷ்ய மொழியை ஏற்கனவே நன்றாகப் படித்த ஒருவர் அங்கே போய்த் தங்கும்போது அவர் பேச்சில் என்ன மாறுகிறது? இலக்கணத்தைவிட அதிகமாக மாறுவது ஓட்டம். புத்தகத்தில் படித்தவர் சரியான வேற்றுமை உருபைத் தேடி மௌனமாக நின்றுவிடுவார். தங்கிப் பழகியவரோ அந்த இடைவெளியில் ‘நூ’, ‘வோத்’ என்று போட்டு நிரப்புகிறார், நாம் ‘வந்து’, ‘அப்பறம்’ என்று இழுப்பது மாதிரி. முழு வாக்கியத்தைக் கட்டி முடிக்காமல், பாதியிலேயே அர்த்தத்தைக் கைமாற்றக் கற்கிறார்.

அடுத்தது ‘தி’, ‘வி’ என்ற நீ/நீங்கள் பிரச்சினை. ஆங்கிலம் பேசுகிறவருக்கு இது புதுசு. நமக்குப் பழசுதான், ஆனால் கோடு வேறு இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது. அப்பாவை ‘நீங்க’ என்கிற வீடுகள் இங்கே நிறைய. ருஷ்யப் பிள்ளைக்கு அப்பா ‘தி’தான். (கடவுள் விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. தணிகை மலையேறுகிறவர் முருகனை ‘நீ’ என்பதுபோல் ருஷ்யப் பிரார்த்தனையும் ‘தி’ என்றே விளிக்கிறது.) விதியை வகுப்பில் படித்துவிடலாம். யாரிடம், எந்த நேரத்தில் ‘வி’யிலிருந்து ‘தி’க்கு மாறலாம் என்பது ஆட்களோடு பழகாமல் பிடிபடாது.

அப்படியானால் பழகக் கிடைப்பது யாருக்கு? 1984 முதல் 1990 வரை சோவியத் நாட்டில் தங்கிப் படித்த 658 அமெரிக்க மாணவர்களை பிரெக்ட், டேவிட்சன், கின்ஸ்பர்க் என்ற மூவர் ஆராய்ந்தார்கள். போவதற்கு முன்பே இலக்கணமும் வாசிப்பும் வலுவாக இருந்தவர்களே பேச்சிலும் அதிகம் முன்னேறினார்கள். ‘இலக்கணத்தை மூட்டை கட்டு, பேசினா போதும்’ என்போருக்கு இது பதில். இன்னொரு முடிவு சங்கடமானது. வாய்மொழித் தேர்வில் மேலேறும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கே கூடுதலாக இருந்தது.

ஏன்? 1995இல் லிவியா பொலான்யி இந்த மாணவர்களின் நாட்குறிப்புகளை வாசித்தார். ருஷ்யப் பெண்களோடு பேசிய ஆண் மாணவனின் தடுமாற்றத்தைப் பொறுமையாகக் கேட்கக் காதுகள் இருந்தன. மாணவிகளுக்கோ பல உரையாடல்கள் தொந்தரவாகத் திரும்பின. மழுப்புவது, மறுப்பது, கைகலப்பு வராமல் தப்பி வெளியேறுவது, இவற்றுக்கான ருஷ்ய மொழியை அவர்கள் கற்றார்கள். சாதாரணத் திறமையா இது? ஆனால் எந்தத் தேர்வும் இதைக் கேட்கவில்லை. ஆக, குறை பெண்களின் நாக்கில் இல்லை, அளவுகோலில் இருந்தது. ‘சூழல்’ என்று நாம் அப்பாவித்தனமாகச் சொல்வது ஏற்கனவே அதிகாரத்தால் பங்கு போடப்பட்ட வெளி.

இதைப் புரிந்துகொள்ள மாஸ்கோவரை போக வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த திருத்தணியில் தமிழும் தெலுங்கும் ஒரே கடைவீதியில் புழங்குகின்றன. ஆனால் கடைக்காரர் கற்கும் தெலுங்கும் மூட்டை தூக்குகிறவர் கற்கும் தெலுங்கும் ஒன்றா? ஒருவருக்குப் பேரம் பேசும் மொழி. இன்னொருவருக்குக் கட்டளை கேட்கும் மொழி.

தமிழ்நாட்டிலிருந்து ருஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போகிற பிள்ளைகளையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். பலருக்கு வகுப்பு ஆங்கிலத்தில், விடுதி அறை தமிழில். ருஷ்ய மொழி அவசியமாவது நோயாளியின் கட்டிலருகே. ‘எங்கே வலிக்கிறது?’ சரளமாக வந்துவிடும். வீட்டுக்காரரிடம் வாடகைக்குச் சண்டை போடும் மொழி, கிண்டலுக்குப் பதில் கிண்டல் செய்யும் மொழி, ‘முடியாது’ என்று சொல்லும் மொழி?

எனவே திரும்பி வந்தவரிடம் ‘எத்தனை வருஷம் இருந்தே?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘யார் உங்கிட்ட பேசினாங்க? நீ பேசறப்போ யார் காத்திருந்து கேட்டாங்க?’ என்றும் கேட்க வேண்டும்.