மருந்து அடிக்காத கடலையிலும் நஞ்சு உண்டு

போன சித்திரையில், காவாந்தண்டலத்தில் எங்கள் களத்தில் காயப் போட்டிருந்த வேர்க்கடலை கோடை மழையில் நனைந்துபோச்சு. நாலு நாள் கழித்து உடைத்துப் பார்த்தால் பருப்பு மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூஞ்சை. பக்கத்துக் கொல்லைப் பெரியவர், "கழுவிக் காயவெச்சு செக்குல ஆட்டிடுப்பா. புண்ணாக்கு மாட்டுக்குத்தானே" என்றார். பூசணம் பிடித்ததை எல்லாம் பொறுக்கி, குழி தோண்டி மூடினேன். ஏன் என்று சொல்கிறேன்.

1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்குதான் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சை விட்ட நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் புண்ணாக்கைத் தின்ற ஆய்வக எலிகளுக்கு ஈரலில் புற்றுநோய் வந்தது.

நஞ்சை வெளியேற்றுவதற்காகத்தான் ஈரல் அதை மாற்றுகிறது. ஆனால் மாறும்போது அது இன்னும் வீரியமாகி, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது, ஒட்டின இடத்தில் படியெடுப்பு தப்பாகிறது. விதைநெல்லில் கலப்பு விழுந்த மாதிரிதான். அந்தத் தப்பு அடுத்தடுத்த செல்லுக்கும் போகும்.

எலிக்கு வந்தால் நமக்கென்ன என்று இருக்க முடியாது. 1974ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, ஈரல் கெட்டு, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் அஃப்ளடாக்சினை வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம்.

"மாட்டுக்குத்தானே" என்பதும் சரியில்லை. மாடு தின்ற நஞ்சு உருமாறிப் பாலில் வரும். 2018ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில், தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88ல் அது அளவுக்கு மேல் இருந்தது. எண்ணிக்கையில் மாநிலங்களில் நாம்தான் முதல். காய்ச்சினாலும் போகாது.

இப்போது நான் செய்வது இதுதான். பிடுங்கின செடியைக் காய் மேலே பார்க்கத் திருப்பிப் போடுகிறேன். ஆட்டினால் காய்க்குள் பருப்பு கலகலக்கும் வரை காயவைக்கிறேன். ஈரம் 8 விழுக்காட்டுக்குள் வரணும். தோல் உடைக்கத் தோதாகத் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டேன். சூம்பல், உடைசல், பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிடுகிறேன். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குகிறேன். செக்குக்கும் நல்ல பருப்புதான் போகிறது. மரச்செக்கு எண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதால் அதில் கூடுதல் கவனம் வேணும்.

மருந்து அடிக்கல என்று சொல்லித்தான் நம் பொருளை விற்கிறோம். நல்லாக் காயவெச்சிருக்கோம் என்றும் சொல்ல முடியணும். நம்மை நம்பி வாங்குகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கு.